சிறுகோளின் பூர்வீகம் – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

பூமிக்கு அருகே வரும் சிறுகோள்களின் பூர்வீகத்தை அவற்றின் கனிமங்களைக் கொண்டு கண்டுபிடிப்பதாகப் படித்தேன். தொட்டே பார்க்காத பாறையில் என்ன கனிமம் என்று எப்படித் தெரியும்? ஒரு சிறுகோளும் ஒரு விண்கல்லும் ஒரே மாதிரி நிறமாலையைக் காட்டினால், இரண்டும் ஒரே தாய்ப்பாறையிலிருந்து உடைந்தவை என்று சொல்லிவிடலாமா?

கே.

அன்புள்ள கே.,

சொல்லிவிட முடியாது. நிறமாலை, அதாவது அலைநீளவாரியாகப் பிரித்துப் பதிந்த ஒளி, பாறையின் வகையைத்தான் சொல்லும். எங்கிருந்து வந்தது என்பதற்குச் சுற்றுப்பாதையும் சேர்ந்து சாட்சி சொல்லவேண்டும்.

சிறுகோளில் பட்டுத் திரும்பும் சூரிய ஒளியை அகச்சிவப்பில், சுமார் 0.8 முதல் 2.5 மைக்ரோமீட்டர் வரை பதிவுசெய்கிறார்கள். அதே இரவில், வானில் ஏறக்குறைய அதே உயரத்தில், சூரியனை ஒத்த ஒரு விண்மீனையும் பதிவுசெய்து, முன்னதைப் பின்னதால் வகுப்பார்கள். சூரியனின் நிறமும் நம் காற்றின் சுவடும் கழிந்து பாறையின் பிரதிபலிப்பு மிஞ்சும். உயரம் பொருந்தாவிட்டால் 1.4, 1.9 மைக்ரோமீட்டரில் நீராவியின் தடம் தங்கிவிடும். இரண்டாவது தடம், பைராக்சீன் என்ற கனிமம் ஒளியை உறிஞ்சுவதால் வளைகோட்டில் விழும் பள்ளத்துக்குள்ளேயே வருவதால் மொத்தக் கணக்கும் கெடும்.

மிஞ்சும் வளைகோட்டில் இரண்டு பள்ளங்கள் இருக்கும். 1 மைக்ரோமீட்டர் அருகே உள்ளதை ஒலிவின் என்ற கனிமமும் பைராக்சீனும் சேர்ந்து உண்டாக்குகின்றன; 2 அருகே உள்ளது பைராக்சீனுடையது. இரண்டாம் பள்ளத்தின் பரப்பை முதலாவதன் பரப்பால் வகுத்து 0.4 வந்தால், சாதாரண கான்ட்ரைட்டுகளுக்கான (எச், எல், எல்எல் என்று மூன்று வகைப்படும் கல் விண்கற்களுக்கான) சூத்திரப்படி இவ்விரண்டு கனிமங்களில் ஒலிவினின் பங்கு சுமார் 63%. முதல் பள்ளத்தின் மையம், ஒலிவினில் இரும்பு எவ்வளவு என்று காட்டும். மிகவும் கவனம் வேண்டிய இடம் இதுதான். மையம் 0.94 என்றால் ஃபயலைட் (ஒலிவினின் இரும்புக் கூறு) 20 சதவீதத்தை ஒட்டி வரும், அது எச் வகை. 0.96 என்றால் 24%, அது எல் வகை. 0.02 மைக்ரோமீட்டர் பிசகினால் பாறையின் இனமே மாறிவிடும்!

சூரியக் காற்றும் நுண்கற்களும் மேற்பரப்பைத் தாக்கி நுண்ணிரும்புத் துகள்களை உண்டாக்குவதால், வளைகோடு சிவந்து (நீண்ட அலைநீளப் பக்கம் உயர்ந்து) பள்ளங்கள் ஆழம் குறையும். ஆகவே ஒட்டுமொத்தச் சாய்வை நம்பி வகை சொல்லக்கூடாது. கரிமம் மிகுந்த கருநிறச் சிறுகோள்களில் இந்தப் பள்ளங்கள் பெரும்பாலும் தென்படாது; அங்கே இந்த முறை உதவாது.

முறை நம்பத்தக்கதா? இட்டோகாவா சிறுகோள் எல்எல் கான்ட்ரைட்டைப் போன்றது என்று 2001-இலேயே தரையிலிருந்து எடுத்த நிறமாலையை வைத்துச் சொன்னார்கள். ஜப்பானின் ஹயபுசா விண்கலம் அங்கிருந்து 2010-இல் கொண்டுவந்த துகள்கள் அதை உறுதிசெய்தன. ஒலிவினில் ஃபயலைட் சுமார் 29%.

இனி பாதை. செவ்வாய்க்கும் வியாழனுக்கும் இடையிலுள்ள சிறுகோள் பட்டையிலிருந்து வெளியேற முக்கிய வாசல்கள் சில உண்டு. சூரியனிலிருந்து சுமார் 2.1 வானியல் அலகு (பூமி–சூரியன் தூரம் ஓர் அலகு) தொலைவில், உள்விளிம்பில், சனியோடு ஏற்படும் ஒத்ததிர்வு (கோளின் இழுப்பு ஒரே தாளத்தில் திரும்பத் திரும்பப் பட்டுப் பாதையைக் குலைப்பது) ஒன்று. 2.5-இல் வியாழனுடனான 3:1 ஒத்ததிர்வு இன்னொன்று. எல்எல் வகைக் கனிமம், முதல் வாசலுக்குப் பொருந்தும் பாதை, அருகிலேயே ஃப்ளோரா குடும்பம் (ஒரே தாய்ப்பாறை உடைந்து உண்டான சிறுகோள் கூட்டம்) என்று மூன்றும் ஒத்துவந்தால், ஃப்ளோராவிலிருந்து வந்திருக்க வாய்ப்பு அதிகம் என்று சொல்லலாம். அப்போதும் அது வாய்ப்புதான்.

உங்கள் கேள்விக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. பூமிக்கு அருகே வரும் கிலோமீட்டர் அளவுச் சிறுகோள்களில் எல்எல் வகையை ஒத்தவை மிகுதி. ஆனால் பூமியில் விழும் விண்கற்களில் எல்எல் பத்தில் ஒன்றுக்கும் குறைவு. சிறிய கற்களை வெப்ப உமிழ்வின் உந்தல் வேகமாக நகர்த்துவதால் அவை தொலைவிலுள்ள குடும்பங்களிலிருந்தும் வாசலை எட்டிவிடும் என்பது இதற்கு ஒரு விளக்கம். 2024-இல் வெளியான ஆய்வுகள், விண்கற்களில் பெரும்பான்மையான எல், எச் வகைகளை மசாலியா, கரின், கொரோனிஸ் குடும்பங்களில் அண்மையில் நடந்த மோதல்களோடு இணைக்கின்றன. அந்த முடிவு எனக்கு வலுவானதாகவே படுகிறது, ஏனெனில் அது கனிமத்தோடு மோதலின் வயதையும் மோதலில் சிதறிய தூசுப் பட்டைகளையும் சேர்த்தே பார்க்கிறது.