எண்ணெய் பிறந்த பாறை எது?

கேள்வி: எந்த மணற்கல்லில் கச்சா எண்ணெய் கிடைக்கிறதோ அதுதானே அதன் பிறப்பிடம்? தனியாகச் சோதித்துப் பார்க்க என்ன இருக்கிறது?

பதில்: மணற்கல் வெறும் தொட்டிதான். உயிர்க்கழிவு மிகுந்த களிப்பாறையோ சுண்ணாம்புப் பாறையோ புதைந்து சூடேறும்போது எண்ணெய் பிறக்கிறது. பிறகு நகர்ந்து மணற்கல்லில் தேங்குகிறது. எண்ணெயைப் பெற்றெடுத்த அந்தத் தாய்ப்பாறையைக் காட்டிக்கொடுப்பவை, பழைய உயிரினங்களின் மிச்சமாக எண்ணெயில் தங்கியிருக்கும் 'உயிர்க்குறி' மூலக்கூறுகள். எண்ணெயிலுள்ள போர்பிரின் என்ற வளைய மூலக்கூறுகளைப் பச்சையத்தோடு தொடர்புபடுத்தி இத்துறைக்கு வழிதிறந்தவர் ஜெர்மன் வேதியியலாளர் ஆல்ஃபிரட் டிரைப்ஸ், ஆண்டு 1934.

சோதனைக்கு 50 முதல் 100 மில்லிகிராம் எண்ணெய் போதும். டெஃப்லான் உள்மூடியிட்ட கண்ணாடிக் குப்பியில் எடுங்கள். பிளாஸ்டிக்கில் எடுத்தால் அதை மென்மையாக்கச் சேர்த்த தாலேட் கரைந்து வந்து சோதனை வரைபடத்தில் பெரிய முகடாக நிற்கும். எண்ணெயைப் போல் 40 மடங்கு பென்டேன் சேர்த்தால் ஆஸ்பால்டீன் என்ற கனமான தார்ப்பகுதி படியும். வடிகட்டிவிட்டு, மீதியைச் சிலிக்கா ஜெல் குழாயில் ஊற்றி ஹெக்சேன் விட்டால் நிறைவுற்ற ஹைட்ரோகார்பன்கள் முதலில் இறங்கும். சந்தேகப்படும் பாறையையும் பொடித்து, கரைப்பானைத் திரும்பத் திரும்பச் செலுத்தும் சாக்ஸ்லெட் கருவியில் டைகுளோரோமீத்தேன் கொண்டு ஒரு நாளாவது சாறெடுத்து இதே வழியில் பிரிக்க வேண்டும். இரண்டையும், மூலக்கூறுகளைப் பிரித்து நிறையை அளக்கும் ஜி.சி.எம்.எஸ். கருவியில் செலுத்தி, நிறை–மின்சுமை விகிதம் (m/z) 191இல் ஹோபேன், 217இல் ஸ்டெரேன் என்ற இரு உயிர்க்குறி வகைகளையும் அருகருகே வைத்து ஒப்பிடுங்கள்.

பிரிஸ்டேன், பைட்டேன் என்ற இரு ஹைட்ரோகார்பன்களின் விகிதம் 3க்கு மேல் போனால் நிலத்தாவரச் சேர்க்கையையும், 0.8க்குக் கீழே இருந்தால் ஆக்சிஜன் இல்லாத, பெரும்பாலும் உப்பு மிகுந்த நீரையும் நினைக்கலாம். இடைப்பட்ட எண்ணை வைத்து முடிவு சொல்லக் கூடாது.

ஸ்காட்லாந்துக்கு அருகே, வடகடலின் பியாட்ரிஸ் எண்ணெய் வயலைப் பாருங்கள். எண்ணெய் இருப்பது ஜுராசிக் மணற்கல்லில். வடகடல் என்றாலே எல்லோரும் கைகாட்டுவது கிம்மரிட்ஜ் களிப்பாறையை. ஆனால் அந்தப் பகுதியில் அது எண்ணெய் தரும் அளவுக்குச் சூடாகவே இல்லை. உயிர்க்குறிகளும் கார்பன் ஐசோடோப்புகளும் சேர்ந்து காட்டியது வேறு: ஜுராசிக்கைவிடப் பழைய டெவோனியன் கால ஏரிப் படிவமும் நடு ஜுராசிக் பாறையும் தந்த கலப்பு எண்ணெய் அது. ஒரே தாயைத் தேடியிருந்தால் விடை கிடைத்திருக்காது.

கேள்வி: ஒலியனேன் இருந்தால் எண்ணெய் இளையது என்கிறார்களே, நம்பலாமா?

பதில்: ஒலியனேன் பூக்கும் தாவரங்களிலிருந்து வருவது. அது ஹோபேனில் 20 சதவீதத்தைத் தாண்டினால் தாய்ப்பாறை, டைனோசர்கள் அழிந்தபின் வந்த டெர்ஷியரி காலத்தது என்று சொல்வது வழக்கம். ஒலியனேன் இல்லாவிட்டால் எண்ணெய் பழையது என்று திருப்பிப் போட்டுவிடாதீர்கள். கரையிலிருந்து வெகுதூரத்தில் படிந்த இளம் பாறையிலும் அது இல்லாமல் போகலாம். இன்னொரு கண்ணியும் உண்டு: பழைய எண்ணெய் நகரும் வழியில் இளம் நிலக்கரி அடுக்கைத் தொட்டால் ஒலியனேனை அங்கிருந்து கரைத்து எடுத்துக்கொள்ளும். ஆகவே முதிர்ச்சியையும், அதாவது எவ்வளவு சூடேறியது என்பதையும், அளந்து பாருங்கள். ஸ்டெரேனின் 20எஸ், 20ஆர் என்ற இரு வடிவங்களில் 20எஸ்-இன் பங்கு சூடேற ஏறக் கூடி, முழு முதிர்ச்சியில் 0.52–0.55இல் நின்றுவிடும். லேசான ஹைட்ரோகார்பன்கள் நல்ல முதிர்ச்சியைக் காட்டும்போது உயிர்க்குறிகள் மட்டும் மிகக் குறைவாகக் காட்டினால், ஒலியனேன் வழியில் ஒட்டியதாக இருக்கலாம்.