சம்பளம் உயர்ந்தும் ஏன் விலகுகிறார்கள்?

கேள்வி: பன்னாட்டு நிறுவனம் ஒன்றின் கிளையில் மனிதவளப் பிரிவைக் கவனிக்கிறேன். சம்பளத்தை உயர்த்திய பிறகும் அனுபவமுள்ளவர்கள் ராஜினாமா செய்கிறார்கள். நிர்வாக முறைதான் காரணமா என்பதை எப்படி அறிவது?

பதில்: வேலையை விடும் எண்ணம் படிப்படியாக முதிர்வது. அதிருப்தி, விலகலாமா என்ற யோசனை, வேறு வேலை தேடுதல், கிடைத்ததை இருப்பதோடு ஒப்பிடுதல் ஆகியவற்றைக் கடந்தே ஒருவர் முடிவுக்கு வருகிறார் என்று மேலாண்மை ஆய்வாளர் வில்லியம் மோப்லி 1977-இல் விளக்கினார். சம்பள உயர்வு பெரும்பாலும் அந்த ஒப்பிடும் கட்டத்தில்தான் பயன்படுகிறது. அதிருப்தி பிறந்த இடத்தை அது தொடுவதில்லை. பதவி உயர்வு மறுக்கப்படுவது போன்ற ஒரே அதிர்ச்சியில் விலகுபவர்களும் உண்டு.

அந்த அதிருப்திக்குப் பன்னாட்டு நிறுவனங்களுக்கே உரிய காரணம் ஒன்று இருக்கிறது. 1969-இல் மேலாண்மைப் பேராசிரியர் ஹோவர்ட் பெர்ல்மட்டர் இந்நிறுவனங்களின் போக்கைத் தாய்நாட்டை மையமாகக் கொண்டது, கிளை இயங்கும் நாட்டை மையமாகக் கொண்டது, உலகம் முழுவதையும் ஒன்றாகக் கருதுவது என்று பிரித்தார். முதல் வகையில் முக்கியப் பதவிகள் தாய்நாட்டவருக்கே போகின்றன. இரண்டாம் வகையில் கிளையை உள்ளூர் மேலாளர்கள் நடத்தினாலும், தலைமையகத்தின் உயர் பதவிகள் அவர்களுக்கு எட்டாமலே இருக்கின்றன. எவ்வளவு உழைத்தாலும் இதற்கு மேல் போக முடியாது என்று புரிந்துகொண்ட திறமையாளரைச் சம்பளத்தால் மட்டும் நிறுத்திவைப்பது கடினம்.

அதைவிட வருத்தம் தருவது, அதிகாரமில்லாத நேரடி மேலாளரின் நிலை. சின்ன ஒப்புதலுக்கும் வேறொரு நேர மண்டலத்தின் பதிலுக்காகக் காத்திருக்கும் மேலாளரால், தன் குழுவினருக்கு எந்த உறுதியும் கொடுக்க முடியாது; குழுவினரும் விரைவில் அவரை நம்புவதை விட்டுவிடுகிறார்கள். நான் முதலில் சந்தேகிப்பது இந்த இடத்தைத்தான்.

தலைமையகத்தின் பாணியை அப்படியே கொண்டுவருவதும் தீர்வாகாது. ஐபிஎம் ஊழியர்களிடம் 1967 முதல் 1973 வரை திரட்டிய தகவல்களைக் கொண்டு, அதிகார இடைவெளியை, அதாவது மேலிருப்பவருக்கும் கீழிருப்பவருக்கும் அதிகாரம் சமமின்றிப் பகிரப்படுவதை, ஏற்கும் மனநிலை நாட்டுக்கு நாடு மாறுகிறது என்று சமூக உளவியலாளர் ஹாஃப்ஸ்டெட் காட்டினார். ஓரிடத்தில் மரியாதையாகத் தோன்றும் கலந்தாலோசனை, இன்னோரிடத்தில் மேலாளரின் தயக்கமாகத் தோன்றலாம். ஆனால் ஹாஃப்ஸ்டெட் காட்டியவை நாட்டளவிலான சராசரிகள்; தனிமனிதரை அவற்றால் எடைபோடக் கூடாது.

வெளியேறுபவரிடம் நடத்தும் நேர்காணலை அதிகம் நம்பாதீர்கள். நற்சான்று தேவைப்படுபவர், யாரையும் புண்படுத்தாத காரணமாகச் சம்பளத்தையே சொல்லக்கூடும். மாறாக, ராஜினாமாக்களை மேலாளர் வாரியாகப் பிரித்துப் பாருங்கள். இன்னும் பணியில் இருப்பவர்களிடம், கடந்த 3 மாதங்களில் தாங்களே எடுத்திருக்கக்கூடிய எந்த முடிவை மேலிடத்துக்கு அனுப்ப நேர்ந்தது என்று கேளுங்கள். ஒரே முடிவு பலர் வாயிலிருந்து வந்தால், அதை எடுக்கும் அதிகாரத்தைக் கிளைக்கு மாற்றும்படி தலைமையகத்திடம் எழுத்துமூலம் கோருங்கள்.