டிப்பர் ஓட்டுகிறவர்கள் கேட்டவை: குவாரியிலும் சைட்டிலும் உயிர் காக்கும் பழக்கங்கள்

கல்குவாரி, கிரஷர், சாலை வேலை என்று டிப்பர் ஓடும் இடங்களில் வண்டிப் பராமரிப்பும் ஓட்டுநர் பயிற்சியும்தான் என் தொழில். கேள்விகள் அனுப்பச் சொல்லியிருந்தேன். ஓட்டுநர்கள், கிளீனர்கள், வண்டி முதலாளிகள், சூப்பர்வைசர்கள், ஒரு கிளீனரின் அம்மா என்று பலரும் எழுதியிருக்கிறார்கள். ஒரே மாதிரி இருந்த கேள்விகளைச் சேர்த்துவிட்டேன்.

டிப்பர் என்றால் சாலையில் வேகமாக வரும் வண்டி என்றுதான் வெளியில் பேச்சு. சைட்டுக்குள் ஆள் உயிர் போவது பெரும்பாலும் நடை வேகத்தில், ரிவர்ஸ் வரும்போது. இல்லையென்றால் நின்ற இடத்திலேயே, பாடி (லோடு இருக்கும் பின்பெட்டி) கொட்டுவதற்காக மேலே தூக்கி இருக்கும்போது. வந்திருக்கும் கேள்விகளும் அதைச் சுற்றித்தான் இருக்கின்றன.

அண்ணே, எம்-சாண்ட் கொட்டும்போது பாடி பாதிக்கு மேல் போனதும் வண்டி ஒரு பக்கமாகச் சாய்கிறது. ஜாக்கியில் கோளாறா? (10 சக்கர வண்டி ஓட்டுநர்)

பாடியைத் தூக்கும் ஆயில் ஜாக்கியைச் சந்தேகப்படுவதற்கு முன் தரையைப் பாருங்கள் தம்பி. பின் சக்கரங்களின் அகலம் சுமார் 2 மீட்டர். ஒரு பக்கம் 10 செ.மீ. தாழ்ந்திருந்தால் கண்ணுக்குப் பெரிதாகத் தெரியாது. ஆனால் 5 மீட்டர் உயரத்தில் இருக்கும் பாடியின் முன் முனை அதனால் 25 செ.மீ. பக்கவாட்டில் விலகும். விலகினதும் அந்தப் பக்கத்து டயரும் ஸ்பிரிங் பட்டையும் இன்னும் அமுங்கும், சாய்வு இன்னும் கூடும். அதற்குப் பிறகு வண்டி விழ சில நொடி போதும்.

வீட்டு வேலை நடக்கும் சைட்டுகளில் பெரிய ஆபத்து, புதிதாக மூடிய பள்ளம். செப்டிக் டேங்க் குழி, குழாய் பதித்த வாய்க்கால், நேற்று நிரப்பிய கிராவல் எல்லாம் மேலே பார்த்தால் கெட்டியாகத்தான் இருக்கும். இறங்கி நடந்து பாருங்கள், எங்கே தோண்டினீர்கள் என்று மேஸ்திரியைக் கேளுங்கள். தரை சமமாக இருந்தும் சாய்ந்தால் ரெட்டை டயரில் உள் டயரின் காற்று, உடைந்த பட்டை, தேய்ந்த பாடி ஹிஞ்ச் பின், புஷ் என்று வரிசையாகப் பாருங்கள்.

லோடும் காரணமாக இருக்கலாம். ஈர எம்-சாண்டும் களிமண்ணும் ஒரு பக்கம் சரிந்து கொட்டிவிட்டு, மறுபக்கம் மேலேயே ஒட்டிக்கொள்ளும். அப்போது நம் ஆட்கள் வண்டியை முன்னால் விட்டு வெடுக்கென்று பிரேக் அடித்து உதறுவார்கள். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். பாடி மேலே இருக்கும்போது அந்த உதறல்தான் வண்டியைக் கவிழ்க்கும். பாடியை இறக்குங்கள். ஒட்டினதைப் பொக்லைன் பக்கெட்டால் எடுக்கலாம். தூக்கிய பாடிக்குள் மண்வெட்டியோடு யாரும் ஏறக் கூடாது.

கொட்டும்போது பாடியின் பின் டோர் பூட்டைத் திறந்துவிட்டுத்தான் பாடி தூக்கும் லிவரைத் தொட வேண்டும். மெதுவாகத் தூக்குங்கள், கண் இரண்டு கண்ணாடியிலும் மாறி மாறி இருக்கட்டும். லேசாகச் சாய்ந்தாலும் உடனே இறக்குங்கள். பாடி பக்கவாட்டில் விழுந்தால் எட்டும் தூரத்துக்குள் ஓர் ஆளும், இன்னொரு வண்டியும் நிற்கக் கூடாது. நீங்கள் கேபினில் பெல்ட் போட்டுக்கொண்டு இருங்கள். கவிழ்கிறது என்று தெரிந்தாலும் குதிக்காதீர்கள். குதித்தவர் மீதே கேபின் விழும். பெல்ட்டோடு ஸ்டீயரிங்கைப் பிடித்து உள்ளே இருந்தால் பிழைக்க வழி அதிகம்.

பாடியைத் தூக்கி வைத்து அடியில் கிரீஸ் அடிப்பது என் வேலை. முட்டு கொடுக்க நேரமில்லை என்கிறார் டிரைவர். அஞ்சு நிமிஷ வேலைக்கு முட்டு வேண்டுமா அண்ணா? (கிளீனர்)

வேண்டும். ஒரு நிமிஷ வேலை என்றாலும் வேண்டும்.

உன் தலைக்கு மேல் இருக்கும் டன் கணக்கான இரும்பை அப்போது தாங்கிக்கொண்டிருப்பது ஜாக்கிக்குள் இருக்கும் ஆயில் மட்டும்தான். ஹோஸ் வெடித்தாலோ, சீல் விட்டாலோ, கேபினில் யாராவது ஏறி லிவரில் கை பட்டாலோ பாடி இறங்கிவிடும். இறங்கின பாடிக்கும் சேசிஸுக்கும் நடுவில் கை வைக்கக்கூட இடம் இருக்காது.

முறை இதுதான். பாடி காலியாக இருக்க வேண்டும், தரை சமமாக இருக்க வேண்டும். ஹேண்ட் பிரேக் போட்டு, சக்கரத்துக்குக் கட்டை கொடு. பாடியைத் தூக்கி, வண்டியோடு வந்த முட்டுக் கம்பியை அதன் இடத்தில் நிறுத்தி, பாடி அதன்மேல் உட்காரும் வரை மெதுவாக இறக்கச் சொல். எஞ்சினை நிறுத்திச் சாவியை உன் சட்டைப் பையில் போட்டுக்கொள். அதற்குப் பிறகு அடியில் போ. மரக்கட்டை, வீல் ஜாக்கி, பாறாங்கல் எல்லாம் முட்டு ஆகாது. சில வண்டிகளில் முட்டுக் கம்பி காணாமல் போயிருக்கும். அப்படியானால் வேலையை நிறுத்து, பாடி கட்டிய பட்டறையில் ஒன்று செய்து வாங்கச் சொல்.

ஹோஸ் கழற்றுவது, ஃபிட்டிங் லூஸ் செய்வது எல்லாம் பாடியை முழுக்க இறக்கின பிறகுதான். முட்டு இருக்கிறதே என்று அப்போதும் துணியாதே. கசிவு எங்கே என்று விரலால் தடவிப் பார்க்கவும் கூடாது. ஊசித் துளையில் அழுத்தத்தோடு வரும் ஆயில் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். வலி குறைவாக இருக்கும், சிறு புள்ளிதான் தெரியும், சில மணி நேரத்தில் விரலையே எடுக்கும்படி ஆகலாம். ஓர் அட்டைத் துண்டை நீட்டிப் பார். அப்படி விரலில் பட்டுவிட்டால் காயம் சின்னது என்று விடாமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போய், ஆயில் உள்ளே போயிருக்கிறது என்று டாக்டரிடம் தெளிவாகச் சொல்.

டிரைவர் அவசரப்படுத்துவது ட்ரிப் கணக்குக்காக என்று எனக்குத் தெரியும். ட்ரிப்புக்கு இவ்வளவு என்று பேட்டா கொடுக்கும் முதலாளிகள் இதைப் படித்தால், கிரீஸ் அடிக்கும் நேரத்துக்கும் காசு கொடுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன்.

சைட்டில் டிப்பர் ரிவர்ஸ் வரும்போது ஆட்கள் குறுக்கே போகிறார்கள். ரிவர்ஸ் ஹாரன் இருந்தும் யாரும் கவனிப்பதில்லை சார். (சூப்பர்வைசர்)

நாள் முழுக்க நாலு வண்டி கத்திக்கொண்டிருந்தால் காது அதை விட்டுவிடும். முதலில், ரிவர்ஸே தேவைப்படாதபடி வண்டி ஒரு வழியில் வந்து மறு வழியில் போக முடியுமா என்று பாருங்கள். முடியாத இடத்தில் சைகை காட்ட ஒரே ஆள் போதும். நாலு பேர் நாலு பக்கம் நின்று "வரட்டும், வரட்டும்" என்று கத்தினால் டிரைவருக்கு எதுவும் புரியாது. அந்த ஆள் வலது கண்ணாடியில் தெரியும்படி பக்கவாட்டில் தள்ளி நிற்க வேண்டும், கையில் விசில் வேண்டும். வண்டிக்கு நேர் பின்னால் நிற்கும் கிளீனர்தான் அடிக்கடி அடிபடுகிறார். சைகை காட்டுகிறவர் கண்ணாடியிலிருந்து மறைந்த நொடியே வண்டியை நிறுத்தவேண்டும் என்று எல்லா ஓட்டுநருக்கும் சொல்லிவையுங்கள்.

சுரங்கங்களில் ஒரு நல்ல பழக்கம் உண்டு. ஸ்டார்ட் செய்யும் முன் ஒரு ஹாரன், முன்னே நகரும் முன் இரண்டு, பின்னே வரும் முன் மூன்று. அடித்துவிட்டுச் சில நொடி காத்திருந்து நகர்த்துவார்கள். உங்கள் சைட்டிலும் பழக்கலாம். அப்புறம் மதிய நேரம். நிழலுக்காக வண்டிக்கு அடியில் படுக்கிறவர்கள் உண்டு, குழந்தையைத் தொட்டில் துணியோடு பக்கத்தில் விடுகிறவர்களும் உண்டு. எடுக்கும் முன் வண்டியை ஒரு சுற்றுச் சுற்றிக் குனிந்து பார்க்காமல் சாவியைத் திருப்பக் கூடாது. அதோடு, தூங்க வேறு நிழல் போட்டுக் கொடுப்பது உங்கள் பொறுப்பு.

லோடு ஏற்றும்போது கேபினில் இருக்கலாமா?

கேபினுக்கு மேல் பாடியின் காப்புத் தகடு முழுமையாக இருந்தால் இருக்கலாம். இல்லையென்றால் இறங்கி, பொக்லைன் ஆப்பரேட்டர் கண்ணில் படும் இடத்தில் தள்ளி நில்லுங்கள். படியில் தொங்கிக்கொண்டு பாடிக்குள் எட்டிப் பார்ப்பது கூடவே கூடாது. பக்கெட்டைக் கேபின்மேல் கொண்டுவர வேண்டாம் என்று ஆப்பரேட்டரிடம் சொல்லிவிடுங்கள்.

குவாரிப் பள்ளத்திலிருந்து ஏறி இறங்குகிறோம். இறக்கத்தில் நியூட்ரலில் விட்டால் டீசல் மிச்சம் என்கிறார் முதலாளி. (ஓட்டுநர்)

மிச்சம் என்பதே தவறு. கியரில் இறங்கும்போது ஆக்சிலரேட்டரில் கால் இல்லையென்றால் இன்றைய எஞ்சின்கள் டீசல் போவதை நிறுத்திவிடும். நியூட்ரலில்தான் ஐடிலுக்கு டீசல் போகும்.

நியூட்ரலில் முழுப் பாரத்தையும் பிரேக் லைனிங் தாங்க வேண்டும். டிரம் சூடேறி விரியும், லைனிங்கின் பிடி குறையும், மிதித்தாலும் வண்டி நிற்காது. சிலர் சாவியையே அணைத்துவிட்டு இறங்குகிறார்கள். அப்போது கம்பரசரும் இல்லை, பவர் ஸ்டீயரிங்கும் இல்லை. இறக்கம் தொடங்கும் முன்னே சின்ன கியரைப் போட்டு, எக்ஸாஸ்ட் பிரேக் (எஞ்சின் புகையை அடைத்து வேகம் குறைக்கும் பிரேக்) இருந்தால் அதையும் போட்டு இறங்குங்கள். டிரம் சூடாகிவிட்டால் தண்ணீர் ஊற்றாதீர்கள், விரிசல் விடும். நிறுத்தி ஆற விடுங்கள்.

காலையில் ஏர் டேங்கில் தண்ணீர் விடுவது அவசியமா?

தினமும் அவசியம். மழைக்காலத்தில் இன்னும் கூடுதலாக வரும். தண்ணீரோடு ஆயில் கலந்து பழுப்பாக வந்தால் கம்பரசர் ரிங் தேய்கிறது என்று அர்த்தம். டேங்கை வடித்த பிறகு காற்றை முழுக்க ஏற்றி, எஞ்சினை அணைத்து, பிரேக்கை மிதித்துப் பிடித்துக் காது கொடுத்துக் கேளுங்கள். புஸ்ஸென்று சத்தம் எங்கிருந்தாவது வந்தால் அன்றைக்கு வண்டி நகரக் கூடாது. காற்று குறைந்தால் பஸ்ஸர் அடிக்கிறதே, போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று கிளம்பாதீர்கள்.

கொட்டும்போது ஈ.பி. லைனில் பாடி பட்டுவிட்டால் என்ன செய்வது?

படாத இடத்தில் கொட்டுவதுதான் முதல் வழி. 11,000 வோல்ட் லைன் சாலை ஓரம் தரையிலிருந்து ஏறத்தாழ 6 மீட்டரில் போகும். தூக்கிய பாடி அதைத் தாண்டிவிடும். தொட வேண்டும் என்றுகூட இல்லை, மிக நெருங்கினாலே மின்சாரம் பாயும்.

பட்டுவிட்டால் கேபினிலேயே இருங்கள். உள்ளிருந்தபடியே பாடியை இறக்கவோ வண்டியை நகர்த்தவோ முடிந்தால் செய்யுங்கள். முடியாவிட்டால் யாரையும் கிட்டே வரவிடாமல் கத்துங்கள், மின் வாரியத்துக்குப் போன் செய்து லைனை அணைக்கச் சொல்லுங்கள். உதவ ஓடி வந்து வண்டியைத் தொடுகிற கிளீனர்தான் முதலில் போவார். தீப்பிடித்தால் மட்டும் இறங்கலாம். இரண்டு காலையும் சேர்த்து, வண்டியில் கை படாமல் தரையில் குதியுங்கள். ஒரு கை கைப்பிடியிலும் ஒரு கால் தரையிலும் இருந்தால் மின்சாரம் உங்கள் வழியாகத்தான் இறங்கும். குதித்த பிறகும் பாதங்களைப் பிரிக்காமல் சிறு சிறு எட்டாகத் தேய்த்தபடி விலகுங்கள். லைன் விலகின பிறகும் டயர் உள்ளுக்குள் வெந்து, நேரம் கழித்து வெடிக்கலாம். கிட்டே போகாதீர்கள்.

ஆறு யூனிட் கேட்கிறார்கள். கொடுக்காவிட்டால் வேறு வண்டியைக் கூப்பிடுகிறார்கள். (ஒற்றை வண்டி முதலாளி)

உங்கள் நெருக்கடி புரிகிறது. ஒரு யூனிட் 100 கன அடி. அவ்வளவு எம்-சாண்ட் நாலரை டன்னுக்குக் குறையாது, ஈரம் என்றால் இன்னும் ஏறும். ஆர்.சி.யில் மொத்த எடை 28 டன், காலி வண்டி 11 டன் என்றால் மீதி 17 டன். நாலு யூனிட் தொடும் முன்பே கணக்கு முடிந்துவிடுகிறது. 2019 சட்டத் திருத்தத்துக்குப் பிறகு ஓவர்லோடுக்கு 20,000 ரூபாய், அதற்கு மேல் கூடுதலான ஒவ்வொரு டன்னுக்கும் 2,000 ரூபாய். அபராதம் வராத நாளிலும் பட்டை, யூ-போல்ட், டயர், ஜாக்கி சீல் என்று அந்தக் காசு வெளியே போய்க்கொண்டுதான் இருக்கும். உங்கள் பகுதி வண்டிக்காரர்கள் ஒன்றாகப் பேசி ஒரே அளவுக்கு நின்றால்தான் இது தீரும். தனியாக ஒருவர் நிற்பது கஷ்டம்.

மழைக்குப் பிறகு மண்மேட்டு ஓரத்தில் கொட்டச் சொல்கிறார்கள்.

ஓரத்தில் கொட்டாதீர்கள். ஒரு வண்டி நீளம் உள்ளே தள்ளிக் கொட்டுங்கள், ஜேசிபியோ டோசரோ தள்ளிவிடட்டும். ஓரத்துக்கு இணையாகத் தரையில் விரிசல் தெரிந்தால் அந்தப் பக்கமே போக வேண்டாம். ஓரத்தில் கட்டும் மண் அணை, அங்கே வரும் பெரிய வண்டியின் அச்சு உயரமாவது இருக்க வேண்டும். அந்த அணை ஓரம் எங்கே என்று காட்டத்தான். சக்கரம் முட்டி நிற்க அதை நம்பாதீர்கள்.

என் மகனுக்கு 19 வயது. கிளீனராக இருக்கிறான். குவாரிக்குள்தானே என்று அவனையே வண்டி எடுக்கச் சொல்கிறார்களாம். (ஓர் அம்மா)

எடுக்க வேண்டாம் என்று சொல்லுங்கள் அம்மா. சரக்கு வண்டி ஓட்ட 20 வயது ஆக வேண்டும். அதற்கும் முன்னால் இலகு வாகன லைசென்ஸ் ஓராண்டு கையில் இருக்க வேண்டும். குவாரிக்குள் என்றால் கட்டுப்பாடு இன்னும் அதிகம். கல்குவாரியும் சட்டப்படி சுரங்கம்தான், அங்கே வேலை செய்ய அவனுக்குத் தொழிற்பயிற்சி கொடுத்திருக்க வேண்டும். பயிற்சிச் சான்றிதழ் கொடுத்தார்களா என்று கேட்கச் சொல்லுங்கள். அவன் விரும்பினால் இப்போதே இலகு வாகன லைசென்ஸ் எடுக்கட்டும், அடுத்த வருடம் முறையாக ஹெவி எடுத்துக்கொள்ளலாம்.

வீல் நட் அடிக்கடி லூஸ் ஆகிறது.

சக்கரம் மாற்றினால் 50 முதல் 100 கி.மீ. ஓடின பிறகு மறுபடி முறுக்க வேண்டும், பலர் இதை விட்டுவிடுகிறார்கள். தினமும் காலையில் நட்டைச் சுற்றிப் பாருங்கள். நட்டிலிருந்து ரிம்மில் செம்பழுப்பாகத் துருக்கோடு வழிந்திருந்தால் அது ஆடுகிறது. லாக் ரிங் (டயரை ரிம்மில் பிடித்து வைக்கும் இரும்பு வளையம்) உள்ள சக்கரம் என்றால், கழற்றும் முன் உள் டயர், வெளி டயர் இரண்டின் காற்றையும் வால்வு பின்னை எடுத்து முழுக்க இறக்குங்கள். காற்று அடிப்பது, வளையம் தெறித்தால் தடுக்கும் இரும்புக் கூண்டுக்குள்தான். பஞ்சர் கடையில் கூண்டு இல்லையென்றால் வேறு கடைக்குப் போங்கள்.

கொட்டிவிட்டு வரும்போது பாடி தானாக மேலே எழும்பியது. எப்படி?

எஞ்சின் ஓட்டத்தை ஜாக்கியின் ஆயில் பம்புக்குக் கொடுக்கும் பி.டி.ஓ.வை விடுவிக்காமல் கிளம்பியிருப்பீர்கள். வண்டி ஓடும்போது பம்பும் ஓடும், வால்வு லேசாகக் கசிந்தாலும் பாடி எழும்பும், மேம்பாலத்திலோ வழிகாட்டிப் பலகையின் இரும்புச் சட்டத்திலோ போய் மாட்டும். பாடி முழுக்க உட்கார்ந்ததைக் கண்ணால் பார்த்து, பி.டி.ஓ. விளக்கு அணைந்ததையும் பார்த்துக் கிளம்புங்கள். பாடி மேலே இருந்தால் அடிக்கும் பஸ்ஸர் தொல்லை என்று வயரைப் பிடுங்கியிருந்தால் இன்றைக்கே எலக்ட்ரீஷியனிடம் கொடுத்து மாட்டிவிடுங்கள். வால்வையும் பட்டறையில் காட்டுங்கள்.