பூநாரைத் திருவிழாவுக்குப் போனால் பூநாரை தெரியுமா?

அம்பத்தூரிலிருந்து ஒரு வாசகி கேட்கிறார்: "ஜனவரியில் ஆந்திராவின் சூளூர்பேட்டையில் நடக்கும் பூநாரை (ஃபிளமிங்கோ) திருவிழாவுக்குக் குழந்தைகளைக் கூட்டிப்போக ஆசை. பெரியவனுக்குப் பத்து வயது, சின்னவளுக்கு ஏழு. மாமியாரும் வருகிறார். ஆனால் போய்வந்த பக்கத்து வீட்டுக்காரர்கள், கூட்டத்தைத்தான் பார்த்தோம், பறவை ஒன்றும் கண்ணில் படவில்லை என்கிறார்கள். போகலாமா? எந்த நாள் போவது?"

பக்கத்து வீட்டுக்காரர்கள் சொன்னதை நான் நம்புகிறேன். மேடை, ஸ்டால், கலைநிகழ்ச்சி எல்லாம் சூளூர்பேட்டை ஊருக்குள்ளே நடக்கும். பூநாரை நிற்பதோ ஊரைத் தாண்டி, ஸ்ரீஹரிகோட்டாவுக்குப் போகும் சாலை பழவேற்காடு ஏரியைக் குறுக்கே வெட்டிக்கொண்டு போகிறதே, அங்கே. மைதானத்தில் மிளகாய் பஜ்ஜி சாப்பிட்டுவிட்டுத் திரும்பியவர்களுக்குப் பறவை எப்படித் தெரியும்?

தேதியிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. திருவிழாவை ஆந்திர அரசு நடத்துகிறது, 2025இல் ஜனவரி 18 முதல் 20 வரை நடந்தது, அதற்கு முன் சில வருடங்கள் நடக்கவே இல்லை. பூநாரைக்கு இந்த அழைப்பிதழ் எல்லாம் போவதில்லை, அது பார்ப்பது தண்ணீரின் ஆழத்தை. தலையைக் கவிழ்த்து, வளைந்த அலகால் சேற்றுநீரை உறிஞ்சி வடிகட்டித் தின்கிற பறவை, அதனால் கால் ஊன்றி நிற்கிற ஆழம்தான் அதற்குத் தோது. வடகிழக்குப் பருவமழை வெளுத்து வாங்கிய வருடத்தில் பொங்கல் சமயத்தில் ஏரி ததும்பி நிற்கும், கூட்டம் தூரத்தில் எங்கேயாவது ஒரு மேட்டுப் பக்கம் ஒதுங்கி, அடிவானத்தில் வெள்ளைக் கோடு போட்ட மாதிரிதான் தெரியும். மழை குறைந்த வருடத்தில் அதே பொங்கலுக்குச் சாலை ஓரத்திலேயே மேயும். ஆகவே என் யோசனை: பறவைதான் முக்கியம் என்றால் திருவிழாவை விட்டுவிடுங்கள், ஜனவரி கடைசியிலோ பிப்ரவரியிலோ தண்ணீர் வடிய ஆரம்பித்த பிறகு ஒரு சாதாரண வார நாளில் போங்கள். பள்ளிக்கு ஒரு நாள் லீவு போட்டால் ஒன்றும் குடிமுழுகிப் போகாது. கிளம்புவதற்கு முந்தின வாரம் பறவை பார்ப்பவர்கள் தாங்கள் கண்டதைப் பதிவிடுகிற இபேர்ட் (eBird) செயலியில் அந்த இடத்தின் அண்மைப் பதிவுகளைப் பாருங்கள், எத்தனை பறவை என்று பார்த்தவர்கள் எண்ணிக்கை போட்டிருப்பார்கள்.

திருவிழாவும் வேண்டும் என்று பிள்ளைகள் அடம்பிடித்தால் முதல் நாள் காலையிலேயே நேராக ஏரிக்குப் போய்விட்டு, வெயில் ஏறியதும் மைதானத்துக்கு வாருங்கள். இதைத் தலைகீழாகச் செய்கிறவர்கள்தான் ஏமாறுகிறார்கள்.

சரி, அந்தச் சாலையில் எங்கே நிற்பது? ஏறக்குறைய மேற்கிலிருந்து கிழக்காகப் போகிற சாலை அது. குளிர்காலத்தில் சூரியன் தெற்குப் பக்கமாகச் சாய்ந்தே போகும் என்பதால் சாலைக்கு வடக்கே நிற்கிற பறவைகளைப் பாருங்கள், வெளிச்சம் உங்கள் முதுகுக்குப் பின்னால் இருக்கும், நிறம் நன்றாகத் தெரியும். தெற்கே பார்த்தால் எல்லாம் கறுப்பு நிழல்தான், இதைத் தெரிந்துகொள்ள எனக்கு மூன்று பயணம் ஆயிற்று. விண்வெளி மையத்துப் பேருந்துகள் வேகமாக வரும், பிள்ளைகளின் கையை விடாதீர்கள். பாதி வழியில் அடகானிதிப்பா என்று ஒரு திட்டு வரும், வண்டியை அங்கே ஓரம் கட்டலாம். சேற்றில் இறங்க வேண்டாம், கால் புதையும். ட்ரோனைத் தொடவே தொடாதீர்கள்: பறவைகள் மிரளும் என்பது ஒரு பக்கம், ராக்கெட் தளத்துக்குப் பக்கத்தில் அதைப் பறக்கவிட்டால் வருகிற வம்பு இன்னொரு பக்கம்.

"இது வெள்ளையாத்தானே இருக்கு?" என்று சின்னவள் கேட்பாள். நிற்கும்போது அப்படித்தான் இருக்கும், சிவப்பும் கறுப்பும் சிறகை விரித்தால்தான் தெரியும். அதைப் பார்ப்பதற்காகவே ஹாரன் அடித்துக் கூட்டத்தைக் கிளப்புகிற ஆட்கள் உண்டு. அந்தப் பறவைகள் மேய வேண்டிய நேரத்தில் வீணாகப் பறக்கின்றன என்று பிள்ளைகளிடம் முன்பே சொல்லிவிடுங்கள். சாம்பல் நிறத்தில் இருப்பவை இளசுகள், நிறம் தீனியிலிருந்து மெல்லத்தான் ஏறும். சிலர் சொல்கிற மாதிரி இவை சைபீரியாவிலிருந்து வருவதும் இல்லை. இந்தியாவில் பூநாரை பெருங்கூட்டமாக முட்டையிடுகிற இடம் குஜராத்தின் கட்ச் உப்புவெளி. பழவேற்காடு ஏரியில் பூநாரைக்குப் பக்கத்திலேயே மிதக்கிற ஊசிவால் வாத்துகள்தான் வடக்கே ரொம்ப தூரத்திலிருந்து இமயமலையைத் தாண்டி வந்து மார்ச், ஏப்ரலில் திரும்பிப் போகிறவை.

பூநாரை தூரத்தில் இருந்தாலும் நாள் வீணாகாமல் இருக்க நேலப்பட்டு பறவைகள் சரணாலயத்துக்கும் போய்விடுங்கள், சூளூர்பேட்டையிலிருந்து வடக்கே சுமார் 20 கிலோமீட்டர். உண்மையைச் சொன்னால் குழந்தைகளைக் கூட்டிப்போக எனக்குப் பிடித்த இடம் அதுதான். ஏரிக்குள் நிற்கிற நீர்க்கடம்பு மரங்களில் கூழைக்கடா (பெலிக்கன்) கூடு கட்டியிருக்கும். குஞ்சு தாயின் தொண்டைப் பைக்குள் தலையை முழுசாக நுழைத்து மீன் எடுப்பதை ஒரு தடவை பார்த்தால் உங்கள் சின்னவள் நகர மாட்டாள். டிசம்பரிலிருந்து பிப்ரவரி வரை நல்ல காலம்.

போவதற்கு, காரில் என்றால் செங்குன்றம், கும்மிடிப்பூண்டி, தடா வழியாகக் கொல்கத்தா நெடுஞ்சாலை. புறநகர் ரயில் சென்ட்ரலிலிருந்து சூளூர்பேட்டை வரை போகிறது, ஆனால் அங்கிருந்து ஏரிக்கும் நேலப்பட்டுக்கும் ஆட்டோ பேச வேண்டியிருக்கும், பெரியவரை வைத்துக்கொண்டு கார்தான் சௌகரியம். தூரநோக்கி வாங்குவதாக இருந்தால் 8×42 (எட்டு மடங்கு பெரிதாக்கும், முன் கண்ணாடி 42 மி.மீ.) போதும், 20 மடங்கு என்று விற்கிற மலிவுச் சாமானில் கை நடுக்கம்தான் பெரிதாகத் தெரியும். கழிப்பறை வேலையை ஊரிலேயே முடித்துவிடுங்கள், ஏரிச் சாலையில் நிழலுக்கு ஒரு மரத்தைக்கூட நம்பிப் போக முடியாது. மாமியார் நேலப்பட்டில் பார்வைக் கோபுரம் ஏறவே வேண்டாம். ஒரு மடக்கு நாற்காலி எடுத்துப் போங்கள், கரையில் உட்கார்ந்தபடியே அவருக்குக் கூழைக்கடா தெரியும்.