ஏர் எடுத்த பிறகும் பிரேக் லீவர் மெத்தென்று போகிறதா?

கேள்வி: என் சைக்கிளில் ஷிமானோ ஹைட்ராலிக் டிஸ்க் பிரேக். போன மாதம்தான் கடையில் ஏர் (பிரேக் ஆயிலில் சிக்கிய காற்று) எடுத்தார்கள். வேளச்சேரி ஃப்ளாட்டில் இடமில்லாததால் பின்சக்கரத்தைப் பால்கனிக் கொக்கியில் மாட்டித் தொங்கவிடுகிறேன். காலையில் பின் பிரேக் லீவர் கைப்பிடிவரை போகிறது. நாலைந்து முறை அழுத்தினால் இறுகிவிடுகிறது. மறுபடியும் ஏர் எடுக்க வேண்டுமா?

பதில்: அழுத்த அழுத்த இறுகினால், வெளியிலிருந்து காற்று நுழையவில்லை என்றே கொள்ளலாம். ஏர் எடுத்தபோது மிஞ்சிய குமிழி லீவரின் ஆயில் தொட்டியில் கிடக்கிறது. சைக்கிள் நிமிர்ந்திருக்கும்வரை அது தொட்டியின் உச்சியில் ஒதுங்கியிருக்கும். பின்சக்கரம் மேலே போனதும் ஹோஸ் வழியாக, சக்கரத்தருகே டிஸ்க்கைப் பிடிக்கும் காலிப்பருக்கு ஏறிவிடும். தொட்டி விளிம்புவரை நிறைந்திருந்தால் எப்படித் தொங்கவிட்டாலும் ஒன்றும் ஆகாது. பஞ்சர் பார்க்கக் கவிழ்த்துப் போடுவதற்கும் இதே கணக்குதான்.

இன்றிரவு சைக்கிளை நிமிர்த்தி வைத்து, லீவரை இழுத்துப் பழைய ட்யூப் துண்டால் கட்டிவிடுங்கள். காலையில் அவிழ்த்தால் குமிழி தொட்டிக்குத் திரும்பும். இது தற்காலிகம்தான்.

நிரந்தரத் தீர்வு, தொட்டியை நிரப்புவது. சக்கரத்தையும் பேடையும் கழற்றி, காலிப்பரில் பேடைத் தள்ளும் பிஸ்டன்களை முழுதாக உள்ளே தள்ளி, இடையில் ப்ளீட் பிளாக் (பிஸ்டன் வெளியே வராமல் தடுக்கும் கட்டை) வையுங்கள். பிஸ்டன் வெளியே நிற்கும்போது நிரப்பினால், புதுப் பேடு போடும்போது ஆயில் மிகுந்து தொட்டியைப் பிதுக்கும். லீவரைத் தளர்த்தித் தொட்டி மட்டமாக இருக்கும்படி திருப்பி, தொட்டியின் ஸ்க்ரூவை எடுத்து அந்தத் துளையில் புனலை மாட்டுங்கள். புனலில் பாதி ஆயில் போதும். லீவரை மெதுவாக அழுத்தி விடுங்கள். அதைச் சுமார் 30 டிகிரி மேலும் கீழும் சாய்த்து, ஹோஸைத் தட்டிக்கொண்டே அழுத்துங்கள். ஊசிமுனை அளவுக் குமிழிகள் புனலில் வரும். அவை நின்ற பிறகும் பொறுமையாகச் சில முறை அழுத்துங்கள். பெரும்பாலான கடைகளில் அவசரப்படுவது இந்த இடத்தில்தான். புனலை அடைத்துக் கழற்றியதும் துளையில் ஆயில் தளும்ப வேண்டும். அது வழியும்படியே ஸ்க்ரூவை லேசாக முறுக்குங்கள்.

அப்படியும் மெத்தென்று போனால் காலிப்பரில் காற்று இருக்கிறது. காலிப்பரில் உள்ள நிப்பிள் (ஆயில் திறப்பு) வழியே சிரிஞ்சால் கீழிருந்து ஆயில் ஏற்றித்தான் எடுக்க வேண்டும். நிமிர்த்தி வைத்தும் சில நாளில் திரும்ப வந்தால் கசிவுதான்: ஹோஸ் இணைப்பில் டிஷ்யூ பேப்பரைச் சுற்றி லீவரை இறுக்கிப் பிடியுங்கள். பேப்பர் நனைந்தால் ஹோஸ் முனையின் ஆலிவ் (இணைப்பை இறுக்கும் உலோக வளையம்), இன்சர்ட் (ஹோஸுக்குள் செருகும் சிறு குழாய்) இரண்டையும் புதிதாக மாற்றுங்கள்.

ஷிமானோவுக்கு மினரல் ஆயில் மட்டுமே. பைக் மெக்கானிக் கடையில் இருக்கும் டாட் 4 பிரேக் ஆயில் ஒரு சொட்டும் சேரக்கூடாது; உள்ளே உள்ள ரப்பர் சீல் ஊதிப்போய் பிரேக்கே வீணாகும்.