மனையா, ஃபிளாட்டா? வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

வீட்டுக் கடன் பிரிவில் பல வருடம் உட்கார்ந்து ஓய்வு பெற்றவன் என்பதால் எனக்கு வரும் கடிதங்களில் பாதி, "எங்கே வாங்கினால் விலை ஏறும்?" என்றுதான் கேட்கின்றன. அது எனக்குத் தெரிந்திருந்தால் வங்கி வேலைக்கே போயிருக்க மாட்டேன். பத்திரமும் கணக்கும்தான் எனக்குத் தெரிந்தவை. அதைக் கேட்டவர்களுக்கு மட்டும் இந்த முறை பதில்.

கேள்வி: நான் தனியார் பள்ளி ஆசிரியை. கணவர் நூற்பாலை அலுவலகத்தில் இருக்கிறார். இருவர் சம்பளமும் சேர்ந்து கைக்கு 58,000 ரூபாய் வருகிறது. சேமிப்பு 8 லட்சம். மாமனார் கட்டிய வீட்டில் இருப்பதால் இது முதலீட்டுக்காக மட்டுமே. வேடசந்தூர் போகும் வழியில் 1,200 சதுர அடி மனை, சதுர அடி 750 ரூபாய் என்கிறார்கள். என் தம்பியோ கோவையில் 42 லட்சத்துக்கு ஐந்து வருடப் பழைய ஃபிளாட் இருக்கிறது, கடன் போட்டு வாங்கினால் 13,000 ரூபாய் வாடகை வரும் என்கிறான். எது நல்லது?
*(வாசகி, திண்டுக்கல்)*

பதில்: முதலில் தம்பியின் யோசனை. டீச்சர், நீங்களே கணக்குப் போட்டுப் பாருங்கள். 30 லட்சத்துக்கு மேல் 75 லட்சம் வரையிலான வீட்டுக் கடனில், சொத்து மதிப்பில் 80 சதவீதம் வரைதான் தரலாம் என்பது ரிசர்வ் வங்கி விதி. 33 லட்சம் கிடைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். மீதி 9 லட்சம் உங்கள் கைப்பணம். தமிழ்நாட்டில் கிரயப் பத்திரத்துக்கு முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம். 42 லட்சத்துக்கு இது 3,78,000 ரூபாய். இதற்கு வங்கி கடன் தராது. ஆக, சாவி கைக்கு வருவதற்கு முன்பே 12 லட்சத்து 78 ஆயிரம் வேண்டும். உங்களிடம் இருப்பது 8.

எப்படியோ புரட்டிவிட்டீர்கள் என்றே வைப்போம். 8.5 சதவீத வட்டியில் 20 வருடத்துக்கு இ.எம்.ஐ. சுமார் 28,600. வாடகை 13,000 போனால் கையில் இருந்து 15,600. அசோசியேஷன் பராமரிப்பு 2,500, சொத்து வரி, குடித்தனக்காரர் காலி செய்த பிறகு பூட்டிக் கிடக்கும் மாதங்கள் எல்லாம் சேர்த்தால் மாதம் 18,000க்கு மேல் உங்கள் சம்பளத்தில் இருந்து போகும். 42 லட்சத்துக்கு வருட வாடகை 1,56,000 என்பது 4 சதவீதம்கூட இல்லை. கடன் வட்டியோ 8.5. இந்த இடைவெளியை விலையேற்றம் நிரப்பும் என்ற நம்பிக்கையில்தான் எல்லாரும் வாங்குகிறார்கள். சிலருக்கு நிரம்பவும் செய்கிறது. ஆனால் 58,000 சம்பளத்தில் பாதியை இ.எம்.ஐ.க்குக் கொடுத்துவிட்டுக் காத்திருக்க உங்களால் முடியாது. வேண்டாம்.

அப்புறம் மனை. விலை 9 லட்சம். உங்கள் பெயரில் வாங்குங்கள். 2025 ஏப்ரல் முதல், 10 லட்சம் வரை மதிப்புள்ள சொத்தைப் பெண்கள் பெயரில் பதிந்தால் பதிவுக் கட்டணத்தில் 1 சதவீதம் குறைகிறது. 81,000க்குப் பதில் 72,000. ஆக மொத்தம் 9,72,000. இதில் 4.5 லட்சம் மனைக் கடன், 5,22,000 உங்கள் பணம். மீதி 2,78,000ஐத் தொடாதீர்கள், அது ஆஸ்பத்திரிக்கும் வேலை போனால் அரிசிக்கும். 9 சதவீதத்தில் 10 வருடக் கடனுக்கு மாதம் 5,700. இது உங்களால் தாங்க முடியும்.

லாபம் வருமா? ஐந்து வருடத்தில் இரட்டிப்பாகும் என்று வேனில் கூட்டிக்கொண்டு போய் பிரியாணி போட்ட புரமோட்டர் சொல்லியிருப்பார். கடன் வட்டியாக 10 வருடத்தில் 2,34,000 கட்டுவீர்கள். உங்கள் 5,22,000ஐ 6.5 சதவீத வைப்பில் போட்டிருந்தால் அதே காலத்தில் நாலரை லட்சத்துக்கு மேல் வட்டி வந்திருக்கும். போட்ட 9,72,000த்தோடு இந்த இரண்டையும் சேர்த்தால் பத்தாம் வருடம் சதுர அடி 1,400 ரூபாய்க்கு விற்றால்தான் நஷ்டமில்லை. மாதா மாதம் கட்டிய 5,700க்கான வட்டியை நான் இதில் சேர்க்கவே இல்லை. வேடசந்தூர் பக்கம் இன்று மறு விற்பனை என்ன விலைக்கு நடக்கிறது என்று பக்கத்து லேஅவுட்டில் மனை வைத்திருப்பவரிடம் கேளுங்கள். புரமோட்டர் விற்கும் விலை வேறு, நீங்கள் விற்கப் போனால் கிடைக்கும் விலை வேறு.

கையில் முழுப் பணம் இருந்தால்கூடக் கொஞ்சமாவது வங்கிக் கடன் போடுங்கள் என்பது நான் எல்லாருக்கும் சொல்வது. வட்டி ஆசையில் சொல்லவில்லை, எனக்கு இப்போது பென்ஷன்தான். கடன் கேட்டால் வங்கி தன் வக்கீலிடம் மூலப்பத்திரத்தில் இருந்து எல்லாவற்றையும் கொடுத்து லீகல் ஒப்பீனியன் வாங்கும், மதிப்பீட்டாளரை இடத்துக்கே அனுப்பும். சில ஆயிரம் ரூபாய் கட்டணத்தில், தன் பணத்தையும் போடப்போகிற ஒருவர் உங்கள் மனையைச் சோதிக்கிறார். "இந்த மனைக்கு பேங்க் லோன் கிடைக்காதுங்க, நாங்களே தவணை தர்றோம்" என்று ஒரு புரமோட்டர் சொன்னால், தங்கக் காசு கொடுத்தாலும் சரி, திரும்பி வந்துவிடுங்கள்.

ஆனால் வங்கி வக்கீல் பார்ப்பது வங்கியின் பாதுகாப்பை. உங்கள் மனைக்குப் பாதை இருக்கிறதா, மழைக்குத் தண்ணீர் நிற்கிறதா என்பது அவர் கவலை இல்லை. அதனால் நீங்களும் சிலவற்றைப் பார்க்க வேண்டும்.

விளம்பரத்தில் டி.டி.சி.பி. (நகர் ஊரமைப்பு இயக்ககம்) 'அப்ரூவ்டு' என்று இருக்கிறதா, விண்ணப்பித்ததை மட்டும் சொல்லும் 'அப்ளைடு' என்று இருக்கிறதா? ஒரு வார்த்தையில் எத்தனை பேர் ஏமாந்திருக்கிறார்கள்! அங்கீகாரம் இல்லாத மனைகளைப் பதியக் கூடாது என்று 2016 செப்டம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் தடை போட்டதும், விற்க முடியாமல் தவித்தவர்கள் எங்கள் வங்கி வாசலில் நின்றதைப் பார்த்தவன் நான். பிறகு 2017இல் வரன்முறைத் திட்டம் வந்தது, பணம் கட்டிச் சரி செய்தார்கள். அது பழைய மனைகளுக்கு. புதிதாக வாங்குபவர் அந்தத் தலைவலிக்குள் போக வேண்டியதில்லை. 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட லேஅவுட் என்றால் ரெரா (ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையம்) பதிவும் வேண்டும். அந்த எண்ணைக் கேட்டு, தமிழ்நாடு ரெரா இணையதளத்தில் நீங்களே தேடிப் பாருங்கள். விலையில் 10 சதவீதத்துக்கு மேல் முன்பணம் கேட்டால், முதலில் விற்பனை ஒப்பந்தத்தைப் பதிவு செய்து தரச் சொல்லுங்கள். அது ரெரா சட்டம். லேஅவுட் சாலைகள் உள்ளாட்சிக்குத் தானப் பத்திரம் எழுதிக் கொடுக்கப்பட்டிருக்க வேண்டும். இல்லாவிட்டால் உங்கள் தெரு இன்னும் புரமோட்டருடைய நிலம்.

வில்லங்கச் சான்று (ஈ.சி.) 30 வருடத்துக்காவது போட்டுப் பாருங்கள், பதிவுத்துறை தளத்திலேயே பார்க்கலாம். ஆனால் 'நில்', அதாவது வில்லங்கம் ஏதுமில்லை என்று வந்ததும் நிம்மதியாகத் தூங்கிவிட வேண்டாம். ஒருவர் இறந்து வாரிசுகளுக்குப் போன உரிமை ஈ.சி.யில் தெரியாது. பதிவு செய்த உயில்கூடத் தெரியாது, அது பதிவு அலுவலகத்தின் வேறு புத்தகத்தில் இருக்கும். பதிவு செய்யாத ஒப்பந்தமும் தெரியாது. நான் திருப்பி அனுப்பிய கோப்புகளில் மிக அதிகம் ஒரே குறைக்காகத்தான்: அப்பா சொத்தை அண்ணன் தம்பி மட்டும் பிரித்து விற்றிருப்பார்கள், அக்கா தங்கை கையெழுத்து இருக்காது. "அவங்களுக்கு அப்பவே நகை போட்டு அனுப்பிட்டோம் சார்" என்பார்கள். நகைக்கும் நிலத்துக்கும் சம்பந்தமில்லை. தமிழ்நாட்டில் பரம்பரைச் சொத்தில், அப்போது திருமணமாகாதிருந்த மகள்களுக்குப் பங்கு 1989இலேயே வந்துவிட்டது, 2005இல் நாடு முழுவதும் எல்லா மகள்களுக்கும் வந்தது. வாரிசுச் சான்றிதழில் எத்தனை பெயர், பத்திரத்தில் எத்தனை கையெழுத்து என்று எண்ணுங்கள்.

விற்பவர், உரிமையாளர் சார்பில் விற்க அதிகாரம் பெற்ற பவர் ஏஜென்ட் என்றால் பவர் கொடுத்தவர் உயிரோடு இருக்கிறாரா என்று பாருங்கள். அவர் இறந்திருந்தால் பவரும் போயிற்று. பட்டா விற்பவர் பெயரில் இருக்கிறதா, சர்வே எண்ணும் உட்பிரிவும் பத்திரத்தோடு ஒத்துப் போகின்றனவா என்பதை வருவாய்த்துறை இணையதளத்தில் பார்க்கலாம்.

கடைசியாக ஒன்று. மனைக் கடன் ஒப்பந்தத்தில், இத்தனை வருடத்துக்குள் வீடு கட்ட வேண்டும் என்ற நிபந்தனை பெரும்பாலும் இருக்கும். கட்டாவிட்டால் வட்டியைக் கூட்டிவிடுவார்கள். முதலீட்டுக்காக வாங்கும் உங்களுக்கு அது முக்கியம். கையெழுத்துக்கு முன் அந்தப் பத்தியைப் படித்துவிட்டு மேலாளரிடம் நேராகக் கேளுங்கள்.

கேள்வி: ஐ.டி. வேலை. வரியை மிச்சம் பிடிக்க வீட்டுக் கடன் எடு என்று நண்பர்கள் சொல்கிறார்கள்.
*(வாசகர், தாம்பரம்)*

பதில்: நண்பர்கள் பழைய வரி முறையில் இருப்பார்கள் போல. அதில் நீங்களே குடியிருக்கும் வீட்டுக்கு வருடம் 2 லட்சம் வரை வட்டியைக் கழிக்கலாம். 30 சதவீத வரம்பில் இருந்தால் செஸ்ஸோடு சேர்த்து 62,400 ரூபாய் மிச்சம். அதற்கு நீங்கள் கட்டிய வட்டி 2 லட்சம். மீதி 1,37,600 போனது போனதுதான். புதிய வரி முறையிலோ குடியிருக்கும் வீட்டுக்கு அந்தக் கழிவே கிடையாது. வாடகைக்கு விட்டால் வாடகை வருமானத்தில் வட்டியைக் கழிக்கலாம், ஆனால் அதில் வரும் நஷ்டத்தைச் சம்பளத்தில் கழிக்க முடியாது. வீடு தேவை என்றால் வாங்குங்கள் தம்பி. வரிக்காக வாங்காதீர்கள்.

கேள்வி: 2018இல் வீட்டுக் கடன் வாங்கினேன். இன்னும் 18 லட்சம், 12 வருடம் பாக்கி. எனக்கு வட்டி 9.4 சதவீதம். போன வருடம் கடன் வாங்கிய பக்கத்து வீட்டுக்காரருக்கு 8.2. இது என்ன நியாயம்?
*(வாசகர், திருப்பூர்)*

பதில்: நியாயமில்லை, ஆனால் காரணம் இருக்கிறது. உங்கள் கடன் எம்.சி.எல்.ஆர். முறையில், அதாவது வங்கி தன் நிதிச் செலவை வைத்துத் தானே நிர்ணயிக்கும் வட்டியில் இருக்கும். 2019 அக்டோபர் முதல் வங்கிகள் தரும் புதிய மாறும் வட்டிக் கடன்களை வெளி அளவுகோலோடு இணைக்கச் சொன்னது ரிசர்வ் வங்கி. பெரும்பாலான வங்கிகள் ரெப்போவோடு, அதாவது ரிசர்வ் வங்கி வங்கிகளுக்குக் கடன் தரும் வட்டியோடு இணைத்தன. 2025 பிப்ரவரியில் இருந்து ஜூனுக்குள் ரெப்போ 6.5இல் இருந்து 5.5க்கு இறங்கியபோது பக்கத்து வீட்டுக்காரர் மாதிரியானவர்களுக்கு அது மூன்று மாதத்துக்குள் வந்து சேர்ந்திருக்கும். பழைய முறைக்காரர்களுக்கு மெதுவாகத்தான் வரும்.

நேரே போய் ரெப்போ முறைக்கு மாற்றித் தரும்படி எழுதிக் கொடுங்கள். ஒரு மாற்றக் கட்டணம் கேட்பார்கள், கொடுத்துவிடுங்கள். 8.2க்கு வந்தால் மாதம் சுமார் 1,200 ரூபாய் குறையும், 12 வருடத்தில் 1.7 லட்சத்துக்கு மேல். மறுத்தால் வேறு வங்கிக்கு மாற்றிக்கொள்வேன் என்று சொல்லுங்கள். தனிநபரின் மாறும் வட்டி வீட்டுக் கடனை முன்கூட்டி முடிப்பதற்கு அபராதம் வாங்கக் கூடாது என்பதால் அந்தப் பேச்சுக்கு மதிப்பு உண்டு. வட்டி குறைந்தாலும் பழைய இ.எம்.ஐ.யையே கட்டினால் கடன் சீக்கிரம் முடியும். இ.எம்.ஐ.யைக் குறைப்பதா, காலத்தைக் குறைப்பதா என்று உங்களைக் கேட்காமல் வங்கியே முடிவு செய்யக் கூடாது.

கேள்வி: விற்பவர் பாதித் தொகையை ரொக்கமாகக் கேட்கிறார். பத்திரச் செலவு குறையும் என்கிறார்.
*(வாசகர், தஞ்சாவூர்)*

பதில்: குறைவது அவருடைய வரி. சொத்து விற்பனைக்கு 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கக் கூடாது என்பது சட்டம். நீங்கள் நாளை விற்கும்போது பத்திரத்தில் இருக்கும் பாதி விலைதான் உங்கள் வாங்கிய விலை. மீதியெல்லாம் லாபம் என்று கணக்காகி, இரண்டு வருடம் தாண்டியிருந்தால் 12.5 சதவீதம் வரி கட்டுவீர்கள். வங்கியும் பத்திர விலைக்குத்தான் கடன் தரும்.

கேள்வி: கையில் 20,000 ரூபாய்தான் இருக்கிறது. ரியல் எஸ்டேட்டில் நுழைய வழியே இல்லையா?
*(வாசகி, நாகர்கோவில்)*

பதில்: இருக்கிறது, ரீட். அலுவலக வளாகங்களையும் மால்களையும் வைத்திருக்கும் அறக்கட்டளையின் அலகுகளைப் பங்குச் சந்தையில் வாங்குவது. இந்தியாவில் முதலில் 2019இல் எம்பசி ரீட் பட்டியலானது. இப்போது ஒற்றை அலகுகூட வாங்கலாம், பங்குகளை மின்னணு முறையில் வைத்திருக்கும் டீமேட் கணக்கு போதும். பகிரக்கூடிய பணத்தில் 90 சதவீதத்தையாவது அலகுதாரர்களுக்குத் தந்தாக வேண்டும் என்று பங்குச் சந்தையைக் கட்டுப்படுத்தும் செபியின் விதி இருக்கிறது. அலகின் விலை பங்கு மாதிரியே ஏறி இறங்கும், அலுவலகங்கள் காலியானால் வரும் பணமும் குறையும். வேலி போட்டுப் பார்க்க ஒரு இடம் வேண்டும் என்று நினைப்பவருக்கு இது பிடிக்காது, எனக்கும் அவ்வளவாகப் பிடிக்கவில்லை. ஆனால் வாடகைப் பணம்தான் வேண்டும் என்றால், 20,000ஐ முன்பணமாகக் கொடுத்துத் தவணை மனையில் மாட்டிக்கொள்வதைவிட இது எவ்வளவோ மேல்.

கேள்வி: கடனைக் கட்டி முடித்து ஏழு மாதம் ஆகிறது. பத்திரங்களை வங்கி தந்துவிட்டது. ஆனால் ஈ.சி.யில் இன்னும் அடமானம் காட்டுகிறது.
*(வாசகர், கரூர்)*

பதில்: கடன் வாங்கும்போது பத்திரங்களை வைப்பு வைத்ததாக ஓர் ஆவணத்தைச் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிந்திருப்பீர்கள். கடன் முடிந்ததும் அது தானாக அழியாது. வங்கி அதிகாரி கையெழுத்தோடு ரசீதுப் பத்திரம் பதிந்தால்தான் ஈ.சி. சுத்தமாகும். கடன் முடிவுச் சான்றோடு கிளைக்குப் போய் நாள் குறித்துக்கொள்ளுங்கள். விற்கும் நேரம் வரும்வரை தள்ளிப்போட வேண்டாம், அதற்குள் கிளையே வேறு கிளையோடு இணைந்து போயிருக்கும். மற்ற வாசகர்களுக்கும் ஒரு தகவல்: 2023 டிசம்பர் முதல், கடன் முடிந்த 30 நாளுக்குள் வங்கி மூலப்பத்திரங்களைத் திருப்பித் தர வேண்டும். தன் தவறால் தாமதித்தால் நாளொன்றுக்கு 5,000 ரூபாய் உங்களுக்குத் தர வேண்டும்.