உருகுவே போனால் பாதிச் சம்பளம் மிஞ்சுமா?

கேள்வி: மென்பொருள் வேலையில் இருக்கிறேன். உருகுவே நாட்டுத் தலைநகர் மொண்டேவீடியோவில் இரண்டு வருட வேலைக்குப் போகச் சொல்கிறார்கள். மாதம் 2,800 டாலர் கையில் வருமாம். மனைவியும் நாலு வயது மகளும் கூட வருவார்கள். மூவரும் சைவம். "தென் அமெரிக்காவில் எல்லாம் மலிவு, பாதியை ஊருக்கு அனுப்பிவிடலாம்" என்கிறான் 2023இல் புவனெஸ் அயர்ஸில் ஆறு மாதம் இருந்துவிட்டு வந்த நண்பன். நம்பிக் கிளம்பலாமா?
— வாசகர், கோவை

பதில்: உங்கள் நண்பர் பொய் சொல்லவில்லை. அவர் பார்த்தது வேறு நாடு, அதுவும் வேறு காலம். 2023இல் அர்ஜென்டினாவில் வெளிச்சந்தையில் டாலரை மாற்றினால் அரசு விலையைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு கிடைத்தது. கையில் டாலர் வைத்திருந்தவர் அங்கே ராஜா. உருகுவே எல்லை ஊர்க்காரர்களே பாலம் தாண்டிப் போய் எண்ணெய், சோப்பு, மாவு என்று வண்டி நிறைய வாங்கி வந்தார்கள். ஏன் போனார்கள்? சொந்த ஊரில் விலை கட்டுப்படியாகவில்லை. தென் அமெரிக்கத் தலைநகரங்களில் மொண்டேவீடியோ செலவு கூடிய ஊர். பாதிச் சம்பளம் மிஞ்சாது. பார்த்துச் செலவழித்தால் கால்வாசி மிஞ்சலாம். நான் அங்கே குடும்பத்தோடு நாலு வருடம் இருந்தவள், அந்தக் கணக்கில்தான் சொல்கிறேன்.

முதலில் அந்த 2,800 எப்படிப்பட்ட 2,800 என்று கேளுங்கள். உங்கள் அலுவலகம் ஊருக்கு வெளியே எட்டாம் எண் சாலையில் இருக்கும் சோனமெரிக்கா தடையற்ற வணிக மண்டலத்தில் இருக்கக்கூடும். டி.சி.எஸ். 2002இல் கடை விரித்ததும் அங்கேதான், நம்மவர்களுக்கு அந்த ஊர்ப் பெயர் பழகியதும் அதனால்தான். இந்த மண்டலங்களில் வேலை செய்யும் வெளிநாட்டவர், "எனக்கு உங்கள் நாட்டுச் சமூகப் பாதுகாப்பு வேண்டாம்" என்று எழுதிக் கொடுக்கச் சட்டம் இடம் தருகிறது. எழுதிக் கொடுத்தால் ஓய்வூதியப் பிடித்தம் 15 சதவீதமும் மருத்துவப் பிடித்தமும் நின்றுவிடும், கைக்கு வரும் பணம் கூடும். சேர்ந்தவுடன் ஒரு படிவத்தை நீட்டுவார்கள், நாமும் மகிழ்ச்சியாகக் கையெழுத்துப் போட்டுவிடுவோம்.

அங்கேதான் நிதானிக்க வேண்டும். அந்த நாட்டில் சம்பளக்காரர்கள் மருத்துவப் பிடித்தத்தைக் கட்டித்தான் 'முத்துவலிஸ்தா' எனப்படும் மருத்துவ சங்கங்களில் உறுப்பினராகிறார்கள். பிள்ளைகளுக்கும் அதிலேயே வழி உண்டு. பிறகு டாக்டரைப் பார்க்கவும் மருந்து வாங்கவும் சின்னச் சின்னச் சீட்டுக் கட்டணம் மட்டும். நீங்கள் விலகினால் இந்த வாசலும் மூடிவிடும், மூன்று பேருக்கும் மாதச் சந்தாவை நீங்களே கட்ட வேண்டும். இரண்டே வருடம் என்பதால் ஓய்வூதியத்தை விடுவதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. ஆனால் குடும்பத்தின் மருத்துவச் சந்தாவை நிறுவனம் ஏற்கும் என்று வேலை உத்தரவில் எழுதி வாங்கிய பிறகு விலகுங்கள். வாய்வார்த்தை போதாது. கூடவே 'அகினால்தோ' பற்றியும் கேளுங்கள். பதின்மூன்றாவது மாதச் சம்பளம் அது, ஜூனில் பாதி, டிசம்பரில் பாதி. 2,800க்குள் அடக்கமா, அதற்கு மேலா?

சம்பளம் டாலரில், செலவு அந்த நாட்டு நாணயமான பெசோவில் என்றால் இன்னொன்றையும் மனத்தில் வையுங்கள். 2023 நடுவில் ஒரு டாலருக்கு சுமார் 38 பெசோ. 2024 முடிவில் 44. உங்கள் சம்பளத்துக்கு இது மாதம் கிட்டத்தட்ட 17,000 பெசோ வித்தியாசம். டாலர் என்ன விலைக்குப் போனாலும் வீட்டுக்காரர் அசைய மாட்டார், ஒப்பந்தத்தில் உள்ள பெசோவை வைத்தாக வேண்டும்.

வீடு பற்றிச் சொல்ல நிறைய இருக்கிறது. கடற்கரைப் பக்கமான போசிதோஸ், புந்தா கர்ரேத்தாஸ் எல்லோருக்கும் பிடிக்கும், வாடகையும் அதற்கேற்ப. கோர்தோன் போன்ற உள் பகுதிகளில் கொஞ்சம் இறங்கும். விளம்பரத்தில் பெரிய எழுத்தில் இருக்கும் வாடகையைப் பார்த்து மயங்காதீர்கள். கீழே 'காஸ்தோஸ் கொமூனெஸ்' என்று சின்ன எழுத்தில் இருக்கும். நம் அபார்ட்மென்ட் மெயின்டனன்ஸ்தான், ஆனால் வாடகையில் நாலில் ஒரு பங்கைத் தொடும் கட்டடங்கள் உண்டு. வெந்நீரும் தரைச்சூடும் பொதுவில் தரும் கட்டடமானால் குளிர்காலத்தில் இன்னும் ஏறும். இரண்டு படுக்கையறை வீட்டுக்கு இதையும் சேர்த்து ஆயிரம் டாலரை ஒதுக்கிவிடுங்கள்.

அதைவிடப் பெரிய தலைவலி 'கரந்தியா', அதாவது ஜாமீன். உள்ளூர்க்காரருக்கு அரசுக் கணக்குத் துறையே சம்பளத்தில் பிடித்துக் கட்டுவதாக ஜாமீன் நிற்கும். புதிதாக இறங்கிய நமக்குப் பெரும்பாலும் ஐந்து மாத வாடகையை அரசு வீட்டுவசதி வங்கியில் டெபாசிட் போடுவதுதான் வழி. சென்னையில் பத்து மாத அட்வான்ஸ் கொடுத்துப் பழகியவர்களுக்கு இது அதிர்ச்சி இல்லை, பணம் வீட்டுக்காரர் கையில் இருக்காது என்பது ஆறுதலும்கூட. ஆனால் முதல் சம்பளம் வருமுன்பே அவ்வளவு பணம் வேண்டும். புரோக்கருக்கு ஒரு மாத வாடகை, அதன் மேல் 22 சதவீத வரி. ஜாமீனை நிறுவனம் கொடுக்குமா என்று கேளுங்கள். சம்பளத்தில் நூறு டாலர் கூட்டிக் கேட்பதைவிட இதைக் கேட்டு வாங்குவது லாபம்.

ஜூன் முதல் ஆகஸ்ட் வரை குளிர். பனி கொட்டாது, அதனாலேயே ஏமாந்துவிடுவோம். ஈரக்காற்று எலும்புக்குள் போகும், துணி மூன்று நாளானாலும் காயாது. முதல் குளிர்காலத்தில் நான் அறைக்கு ஒரு ஹீட்டரும் நாள் முழுக்க 'கலேஃபோன்' என்கிற வெந்நீர்த் தொட்டியும் ஓடவிட்டு, வந்த கரண்ட் பில்லைக் கணவரிடம் இரண்டு நாள் காட்டவே இல்லை. மாலை நேரத்தில் யூனிட் விலை கூடும் கட்டணத் திட்டத்தில் இருந்தோம் என்பது பிறகுதான் தெரிந்தது. முந்நூறு பெசோவுக்கு ஒரு டைமர் வாங்கித் தொட்டியில் மாட்டியதும் பில் படிந்தது.

சாப்பாட்டுக்கு வருவோம். மூன்றரை மில்லியன் மக்களுக்குச் சுமார் பன்னிரண்டு மில்லியன் மாடுகள் உள்ள நாடு. "இறைச்சி வேண்டாம்" என்றால் அன்போடு ஹாம், அதாவது பதப்படுத்திய பன்றி இறைச்சி, வைத்த சாண்ட்விச் தருவார்கள், அது அவர்கள் கணக்கில் இறைச்சி இல்லை. கோழி, மீன், ஹாம் என்று ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லி மறுக்கப் பழகுங்கள். வீட்டுச் சமையலுக்குக் கவலை வேண்டாம். நல்ல அரிசி அவர்களே விளைவித்து உலகுக்கு ஏற்றுமதி செய்கிறார்கள். பால், தயிர் தரமானவை, பாக்கெட் பால் விலையை அரசே நிர்ணயிக்கிறது. கொண்டைக்கடலையும் மசூர் வகைப் பருப்பும் எந்தக் கடையிலும் உண்டு. பீட்சாவோடு சாப்பிடும் 'ஃபைனா' என்ற அடைக்குக் கடலை மாவுதான் வேண்டும், ஆகவே உங்கள் பஜ்ஜிக்கும் தட்டுப்பாடில்லை! துவரம்பருப்பு, கறிவேப்பிலை, தேங்காய்க்குத்தான் ஏங்க வேண்டியிருக்கும். காய்கறிக்கு சூப்பர்மார்க்கெட் போகாமல், வாரம் ஒரு நாள் தெருவில் கூடும் 'ஃபெரியா' சந்தைக்குப் போங்கள். குடைமிளகாய் குளிர்காலத்தில் விலை ஏறினால் பேசாமல் பூசணிக்கு மாறிவிடுங்கள்.

மகளுக்கு நாலு வயது என்றால் அங்கே கட்டாயக் கல்வி வயது. அரசுப் பள்ளி இலவசம், வெள்ளை அங்கியும் கழுத்தில் நீல ரிப்பன் முடிச்சும் கட்டிக்கொண்டு போவார்கள். நாலு மணி நேரம்தான் பள்ளி, ஸ்பானிஷ் மட்டும்தான். நான் அரசுப் பள்ளிக்கே ஓட்டுப் போடுவேன். இரண்டு மாதம் அழுவாள், ஆறாவது மாதம் சந்தையில் உங்களுக்கு மொழிபெயர்ப்பாள். ஆங்கிலவழித் தனியார் பள்ளி என்று முடிவெடுத்தால் மிச்சம் பிடிக்கும் கணக்கை மறந்துவிடுங்கள். கார் வாங்கும் எண்ணத்தையும்தான். வண்டி விலை நம்மூரைவிட வெகு அதிகம், பெட்ரோலும் அப்படியே.

திருமணச் சான்றிதழ், பிறப்புச் சான்றிதழ்களுக்கு வெளிநாட்டில் செல்லுபடியாக வைக்கும் அப்போஸ்டில் முத்திரையை இங்கேயே வாங்கிவிடுங்கள். அங்கே போய் ஊருக்கு அனுப்பி வாங்குவது நேரமும் பணமும் தின்னும். மிக்ஸி தாராளமாக எடுத்துப் போகலாம், அங்கேயும் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ்தான். பிளக் மட்டும் மாற்ற வேண்டும். குக்கருக்கு இரண்டு கேஸ்கெட் கூடுதலாக வையுங்கள். நம் அளவில் நான் தேடி ஒன்றுகூடக் கிடைக்கவில்லை.